மாப்பிள்ளை வீட்டாருக்குப் பத்தியம்

கூச்சப்படுகிறவன் முழு ஊமையாக இருந்துவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவனுக்கு ஒரே ஒரு பேச்சு மட்டும் தெரிந்திருந்து, அதையும் அவன் தப்பான இடத்தில் பேசிவிடும்போதுதான் வீடு தலைகீழாகிறது. இது நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்னத்தைப் படித்திருக்கப் போகிறேன்? பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஆசை காரணம் இல்லை, அலுப்புதான் காரணம். இத்தனை வருஷமாக மற்றவர்கள் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் மேலகரத்தில் சொல்லும்போது நான் ஒரு அண்டா கஷாயம் காய்ச்சினேன் என்கிறார்கள். சிவகிரிக்குப் போனால் அது இரண்டு அண்டா ஆகிவிடுகிறது. என் மனைவி சொல்லும்போது (அவள் அப்போது எங்கள் குடும்பத்துக்கே வந்திருக்கவில்லை) நான் அகப்பையோடு மாப்பிள்ளையைத் துரத்தினேன் என்று வருகிறது. துரத்தவில்லை. காய்ச்சியது ஒரு பானைதான். மற்றதெல்லாம் உண்மை.

அப்போது எனக்குத் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலை. மேலகரத்திலிருந்து காலையில் நடந்து போவேன், இருட்டும் நேரத்துக்கு நடந்து வருவேன். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. எதிரே தெரிந்தவர் யாராவது வந்தால், வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவுகிறவன் மாதிரி நின்றுவிடுவேன். (அந்த நாளில் மேலகரத்திலேயே சுத்தமான கால் என்னுடையதுதான்.) கடையிலும் இதே கதை. பொட்டலத்தைப் பேசாமல் நீட்டுவேன், காசைப் பேசாமல் வாங்குவேன். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“வாயில என்ன கொழுக்கட்டையாலே வச்சிருக்க? மருந்து வாங்க வாரவன் நீ மொறச்சிட்டு நிக்கதப் பாத்து இன்னும் ரெண்டு நோயைச் சேத்து வாங்கிட்டுப் போறான். ஒரு வார்த்த சொல்லிக் குடுலே!”

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே ஒரு பேச்சைச் சொல்லிக்கொடுத்தார். நானும் நடக்கிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன்.

“புளி ஆகாது, கடுகு ஆகாது, கத்தரிக்கா ஆகாது, தேங்கா ஆகாது, மாங்கா ஆகவே ஆகாது. மருந்து எத்தன நாளோ மறுபத்தியம் அத்தன நாள். பத்தியம் முறிஞ்சா மருந்தே விஷம்!”

கடைசி வரிக்கு ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். அதுவும் முதலாளி சொல்லிக்கொடுத்ததுதான். கடுமையான மருந்துகளுக்கு மட்டும் இதைச் சொல்லச் சொன்னாரோ என்னவோ, நான் ஆள் பார்த்து வித்தியாசம் காட்டாமல் எல்லோருக்கும் சொன்னேன். குளிக்க மஞ்சள் வாங்க வந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, பாவம், ஒரு வாரம் புளி சேர்க்காமல் இருந்தாளாம். எனக்கு அதெல்லாம் பொருட்டாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் திக்காமல் நான் சொல்லக்கூடியது உலகத்தில் அது ஒன்றுதான். சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

வீட்டில் அப்போது என் தங்கை கோமதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் வாயால் பதில் சொல்வது பிறகுதான். பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் இல்லை. முந்தின தை மாதம் கடையம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து, மோர்கூடத் தொடாமல் போய்விட்டது. அவர்கள் கேட்ட நகையை எங்களால் போட முடியாது, அதுதான் காரணம். ஆனால் தெருவுக்குக் காரணம் தெரியாது, கை நனைக்காதது மட்டும்தான் தெரியும். கிணற்றடியில் பெண்கள் அம்மாவிடம், “புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும்…?” என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் விடுவார்கள். இன்னொரு கூட்டமும் காய்ந்த கையோடு போனால் இந்தப் பெண்ணைக் கேட்டு இந்த வாசலுக்கு ஆள் வராது என்று அப்பா சொன்னார். அவர் இருந்தாற்போலிருந்து அதைச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அந்த ஆனியில் சிவகிரியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. நிலம் இருந்தது, பேராசை இல்லை. சாரல் தொடங்கிய சமயம். “குத்தாலம் வரைக்கும் வந்துட்டு அருவியில நனையாமப் போக முடியுமா? மொதல்ல குளியல், பொறவு பொண்ணு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பெண்ணுக்கு அண்ணன் என்ற முறையில் நான் அவர்களை வரவேற்க வேண்டும். “வாங்க மாமா, வாங்க அத்தை, வண்டி அலுப்பு எப்படி?” என்று மாட்டின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப் போன யோசனை எனக்கு வந்தது. சாரல் காலத்தில் வெளியூர்க்காரர்கள் அருவியில் ஏறும்போது சிரிப்பார்கள், இறங்கும்போது தும்முவார்கள். குற்றாலத்தில் சாமிக்கே கஷாயம் நைவேத்தியம் உண்டு. நனைந்து வருகிறவர்கள் கையில் சூடாக ஒரு டம்ளர் கஷாயத்தைக் கொடுத்துவிட்டால், சளியும் பிடிக்காது, வரவேற்பும் ஆகிவிடும். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

முந்தின நாளே கடையிலிருந்து சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தேன். வேலியிலிருந்து தூதுவளையை முள்ளோடு பறித்தேன். துளசி, கற்பூரவல்லி வீட்டிலேயே இருந்தன. ஒவ்வொன்றையும் இடிக்கும்போது ‘சம்பந்தி வீட்டாருக்கு இது போதுமா?’ என்று ஒரு சந்தேகம் வரும். உடனே இன்னொரு பிடி போடுவேன். 

அம்மா அடுப்பைத் தரவில்லை.

“ஏலே, நாலு அடுப்புச் சாமானை ரெண்டு அடுப்புல வச்சு நான் மல்லாடுதேன். இதுல உன் கருமத்தை எங்கன வைக்க?”

“கஷாயம்மா…”

“கஷாயமோ விஷமோ, பொறவாசலுக்குக் கொண்டு போ.”

புறவாசலில் மூன்று கல்லைக் கூட்டி, தூறலில் ஒரு கையால் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஊதி ஊதிக் காய்ச்சினேன். ஈர விறகு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். புகை முழுவதும் பானைக்குள் இறங்கியது. வற்ற வற்ற அது வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மை மாதிரி ஆனது. கோமதி எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, கொஞ்சம் கருப்பட்டியாவது தட்டிப் போடு.”

“வீரியம் கொறஞ்சிரும்” என்றேன்.

(வீரியம்! அந்த வயதில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்தது என்று இப்போது யோசித்தால் களைப்பாக இருக்கிறது.)

மறுநாள் காலையில் இரண்டு வில்வண்டிகள் வந்தன. மாப்பிள்ளை வேலு, அவருடைய அப்பா, அப்பாவின் அக்கா சண்முகத்தாய், இன்னும் நான்கைந்து உறவினர்கள். வந்தவர்களில் பெரியவள் சண்முகத்தாய் அத்தைதான். அவள் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள், அவள் எழுந்தால் எழுந்துவிடுவார்கள். அருவிக்கு வழிகாட்டியாக நான் கூடப் போனேன். போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. அருவிக்குள் புகுந்த சண்முகத்தாய் அத்தையை வெளியே கொண்டுவருவது பெரிய பாடாகிவிட்டது. ஆண்கள் எல்லோரும் உடம்பைத் துடைத்துக்கொண்டு நடுங்கியபடி காத்திருந்தோம். வெளியே வந்ததும் வரிசையாகத் தும்மினாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஓடிப்போய்ப் பானையை மறுபடி சூடாக்கி, டம்ளர்களில் ஊற்றிக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு உத்தரத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சண்முகத்தாய் அத்தை மட்டும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

“இதுல்லா கஷாயம்! நெஞ்சுக்குள்ள கொள்ளிய வச்சாப்பல இருக்கு. என்னலே எல்லாரும் மொகரையப் பாக்கிய? குடிங்க!”

குடித்தார்கள். வேலு மட்டும், “கால்ல சகதியா இருக்கு, கழுவிட்டு வாரேன்” என்று டம்ளரோடு புறவாசல் பக்கம் போனார். பானையை எடுக்க நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடி வாழை மூட்டில் அவர் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

“மச்சான்,” என்றார் மெதுவாக, “ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க. வாயில வச்சுப் பாத்தேன், உள்ள போமாட்டேங்கு. அத்தைக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவா. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

ஒருவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் மச்சான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு, பேசாமல் இருக்கச் சொல்லி என்னிடம் யாராவது உதவி கேட்டால் அதைவிடச் சுலபமாக நான் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது? தலையை ஆட்டினேன்.

பெண்ணைப் பார்த்தார்கள். கோமதி வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். சண்முகத்தாய் அத்தை தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே, “பசிக்கு அண்ணாச்சி” என்றார். எங்கள் அப்பா அதைக் கேட்டதும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இலை போட்டாயிற்று. அவியல், எண்ணெய்க் கத்தரிக்காய், மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, தேங்காய்ப்பால் பாயசம். தண்ணீர் தெளித்தாயிற்று. எல்லோரும் உட்காரப் போகிறார்கள். அப்போது அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, நல்ல மனதோடு, இரண்டு வார்த்தை பேச வேண்டுமே என்று ஒரு கேள்வி கேட்டாள்.

“தம்பி மருந்துக் கடையிலயா இருக்க? கைப்பக்குவம் நல்லாருக்கு. இதுக்குப் பத்தியம் ஏதும் உண்டாப்பா?”

‘இல்லை அத்தை’ என்றால் முடிந்தது. ஆனால் பத்தியம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“புளி ஆகாது, கடுகு ஆகாது, கத்தரிக்கா ஆகாது…”

அம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள்.

“…தேங்கா ஆகாது, மாங்கா ஆகவே ஆகாது. மருந்து எத்தன நாளோ மறுபத்தியம் அத்தன நாள். பத்தியம் முறிஞ்சா மருந்தே விஷம்!”

விரலையும் தூக்கிவிட்டேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு தெளிவாக நான் அதுவரை பேசியதே இல்லை. நெஞ்சு வழக்கம்போல நிமிர்ந்தது. பிறகுதான் இலைகளைப் பார்த்தேன். நான் ஆகாது என்று சொன்னதெல்லாம் வரிசையாக அங்கே இருந்தது.

அத்தை இலைக்கு முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

“தம்பி, உக்காராத” என்று தன் தம்பியைத் தடுத்தாள்.

“அக்கா, பசிக்குல்லா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“பசி இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். கோணிப் போன வாயி நேராகுமாலே? நம்ம தெருவுல ஒருத்தன் பத்தியத்துல மொச்சைய அவிச்சுத் தின்னுட்டு இன்னைக்கும் ஒத்தக் கண்ணாலதான் முழிக்கான். மறந்துட்டியா?”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏலே, பேசுலே. என்னமும் சொல்லுலே.”

“பத்தியம்… அவ்வளவா… வேண்டாம்…” என்றேன்.

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “இலை போட்டாச்சேன்னு பேச்ச மாத்தாதப்பா. மொதல்ல சொன்னதுதான் மருந்துக்காரன் பேச்சு. இப்ப சொல்லுதது வீட்டுக்குப் பயந்து சொல்லுதது. உன் மேல எனக்குக் கோவமே இல்ல.”

எங்களுடைய துரதிர்ஷ்டம், அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அம்மா மிளகு ரசமும் பருப்புத் துவையலும் வைத்துப் பத்தியச் சோறே போடுவதாகச் சொன்னாள்.

“வேண்டாம் மதினி. நல்ல காரியத்துக்கு வந்த வீட்டுல மொதச் சோறு நோயாளிச் சோறா? நாளைக்கு உங்க பொண்ணுக்குத்தான் ஆகாது.”

“பத்தியம் முடியட்டும், இன்னொரு நாள் வந்து வயிறாரச் சாப்பிடுதோம் அண்ணாச்சி” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மனதாரத்தான் சொன்னார். ஆனால் வாசலில் அதற்குள் தெருவே கூடியிருந்தது. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டத் தொடங்கியிருந்தான். எதிர்வீட்டு அம்மாள் எம்பிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இலையெல்லாம் அப்படியே கெடக்கு!” என்று பக்கத்து வீட்டாளுக்குச் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. ‘இன்னொரு நாள்’ என்றார்கள் என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கோமதி தலை நிறையப் பூவோடு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழுகிற பெண் இல்லை.

“எல்லாரும் குடிச்சாங்களா?” என்றாள்.

நான் குனிந்து அடுப்பு விறகைத் தள்ளிவிட்டேன்.

“அண்ணே, உன்னத்தான். ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் குடிச்சாங்களா?”

நான் புறவாசல் பக்கம் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. சிறு வயதிலிருந்து என்னோடு இருப்பவள் அவள்.

“யாரு குடிக்கல?”

“சொல்லமாட்டேன்னு தலைய ஆட்டிட்டேன்.”

“அவரா?”

மறுபடியும் தலையை ஆட்டிவிட்டேன். கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா தெரியவில்லை.

“போயிச் சொல்லு.”

“எப்படிட்டி சொல்ல? மச்சான்னு கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு.”

“மச்சானா ஆகணும்னா போயிச் சொல்லு. நீ போகலன்னா நான் போவேன். பொண்ணே சபைக்கு வந்து பேசினான்னு அதையும் ஊரு சொல்லட்டும்.”

அவள் காலை எடுத்து வைத்துவிட்டாள். நான் முந்திக்கொண்டு வெளியே வந்தேன். அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நாலே எட்டுதான். குற்றாலத்திலிருந்து சிவகிரி வரை நடந்த மாதிரி இருந்தது. எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாப்பிள்ளைக்குப் பத்தியம் இல்ல” என்றேன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அத்தை திரும்பினாள். “ஏன்?”

அவரைக் காட்டிக்கொடுக்காமல் தப்ப ஒரு வழி தேடினேன். “அவருக்கு… அது வேற கஷாயம்.”

“ஒரே பானையில இருந்துதான ஊத்துன?”

“ஊத்துனேன்…”

“பொறவு?”

“அவரும் ஊத்திட்டாரு. வாழைக்கு.”

வேலு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவரும் மறக்கவிடவில்லை.

“ஏலே வேலு!” என்றாள் அத்தை. “பெரியவ நான் குடிக்கேன். உன் அப்பன் கண்ணுல தண்ணி வரக் குடிக்கான். நீ வாழைக்கா ஊத்துன?”

“அத்தை, அது தொண்டைக்குள்ளயே எறங்கல…”

“எங்களுக்கு மட்டும் எறங்குச்சாலே?”

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு ஆளே குலுங்கினார். “அக்கா, விடு. கட்டிக்கிடப் போறவனே கை நனைச்சா நாம நனைச்ச மாதிரிதான? அவனுக்குத்தான் பத்தியம் கெடையாதே!”

அத்தை சற்று யோசித்தாள். சட்டம் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. செருப்பைக் கழற்றினாள்.

“உக்காருலே. எல்லாருக்கும் சேத்து நீதான் திங்கணும். மருந்தக் கொட்டினவனுக்கு அதான் தண்டனை. வண்டிக்காரா, மாட்ட அவுத்து விடு!”

கூடத்தின் நடுவே வேலு ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். சுற்றி அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் பசியோடு உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. வந்த வேகத்தில் அத்தனை பேருக்கும் வைத்ததை அவர் ஒருவருக்கே பரிமாறத் தொடங்கினாள். அவர் கையைக் குறுக்கே நீட்டினால் அத்தை, “கைய எடுலே” என்பாள். அவருடைய சித்தப்பா ஒருவர் தாங்கமுடியாமல் கேட்டார்:

“அந்த அவியல் எப்படிடா இருக்கு?”

“நல்லாருக்கு சித்தப்பா. தேங்கா கொஞ்சம் தூக்கலா…”

“சொல்லாதலே! கேக்கத்தான செஞ்சேன், சொல்லச் சொன்னனா?”

பாயசத்தின்போது அவருக்கு வியர்த்தது. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி அவரை அலுக்கும் மட்டும் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை அவ்வளவு நேரம் பார்த்த பெண் வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டு அம்மாளும் வாசலில் நின்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனாள். கை கழுவியபோது வேலு என் பக்கத்தில் வந்து, “மச்சான், இதுக்கு அந்தக் கஷாயமே தேவலை” என்றார்.

மறுநாள் கடையில் முதலாளி விஷயம் கேள்விப்பட்டு மிளகுத் தராசைக் கீழே வைத்துவிட்டார். “சுக்குக் கஷாயத்துக்கு எவம்லே பத்தியம் சொன்னான்?” என்று கேட்டார். எவன் என்று நான் சொல்லவில்லை. அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சிவகிரியிலிருந்து ஆள் வந்து ஆவணியில் முகூர்த்தம் என்று சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான். கஷாயம் குடித்த அத்தனை பேருக்கும் சளி பிடித்துப் படுத்துக்கிடக்கிறார்களாம். மாப்பிள்ளை மட்டும் திடமாக வயலுக்குப் போய்வருகிறாராம்.

கோமதி நன்றாக இருக்கிறாள். நான்கு பிள்ளைகள். என் விஷயம்தான் அன்றோடு முடிந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு யார் வீட்டுக்குச் சம்பந்தம் பேச ஆள் வந்தாலும், அன்றைக்கு எனக்கு வெளியூரில் ஒரு வேலை வந்துவிடும். நான் தேடிப் போவதில்லை, அவர்களே தேடிக் கொடுப்பார்கள்.

இந்த வருஷம் என் சொந்த மகளுக்கே வரன் வந்தது. விடிந்ததும் என் மனைவி ஒரு சாக்கைக் கையில் கொடுத்தாள்.

“பாவூர்சத்திரம் சந்தைக்குச் சேனைக்கிழங்கு நல்லா வந்திருக்காம். வாங்கிட்டு வாங்க.”

“விருந்துக்கு எல்லாந்தான் வாங்கியாச்சே?”

“வாங்கிட்டு வாங்கன்னா வாங்கிட்டு வாங்களேன்.”

முந்தின நாளே வந்துவிட்ட கோமதி எனக்குப் பின்னால் அடுப்பு, புறவாசல், பரண் எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தாள். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பெண்ணைப் பெற்றவன் சந்தையில் கிழங்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டில் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே என்ன ஆகிறதோ என்று பதைத்ததில், வேண்டியதைவிடப் பெரிய கிழங்காக வாங்கிவிட்டேன்.

மதியம் தாண்டித் திரும்பி வந்தேன். கிணற்றடியில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கைகளைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். புதுச் சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். நல்ல மனிதர்.

“நீங்க வரட்டும், சேந்து சாப்பிடலாம்னுதான் நாங்க சொன்னோம். உங்க தங்கச்சி மாப்பிள்ளைதான் விடல. ‘அவரு வாரதுக்குள்ள சாப்பிட்டு எந்திரிச்சிருங்க, அதான் எல்லாருக்கும் நல்லது’ன்னு இலைய இழுத்துப் போட்டுட்டாரு. ஏன் அப்படிச் சொன்னாரு?”

சொல்லிவிட்டுச் சிரித்தவர், சாரல் ஈரத்தில் ஒரு தும்மல் போட்டார்.

கூடத்திலிருந்து மனைவி, மகள், கோமதி, வேலு மச்சான், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கிழங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு புறவாசல் வழியாக உள்ளே போய்விட்டேன்.